எந்த வயதில், எத்தனை நாள்: கஞ்சாவும் மூளையும்

பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேரைத் திரட்டி, சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இருபது ஆண்டு தினமும் கஞ்சா கொடுத்து, மறுபாதியை அதன் வாடையே படாமல் வளர்த்து, கடைசியில் இரு தரப்பின் மூளையையும் அளந்து பார்த்தால், கஞ்சா மூளையை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு ஐயமில்லாத விடை கிடைத்துவிடும். அப்படி ஓர் ஆய்வை எந்த நாடும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆய்வாளர்களுக்கு மிஞ்சுவது காத்திருப்புதான். பிள்ளைகள் தம்போக்கில் வளர்ந்து, தம் விருப்பப்படி புகைத்தோ புகைக்காமலோ வாழ்ந்து நடுவயதுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

நியூசிலாந்தின் தெற்குத் தீவிலுள்ள டனீடன் நகரில் ஒரு குழு அப்படிக் காத்திருந்தது. 1972 ஏப்ரலிலிருந்து 1973 மார்ச்சுக்குள் அங்கே பிறந்த குழந்தைகளில் 1,037 பேரை, அவர்களின் மூன்றாவது வயதில், உளவியலாளர் ஃபில் சில்வா ஓர் ஆய்வில் சேர்த்தார். பேறுகாலச் சிக்கல்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கின்றனவா என்பதுதான் அன்றைக்கு அவருடைய கேள்வி. கஞ்சா யார் நினைவிலும் இல்லை. சில ஆண்டுகளில் முடிந்திருக்க வேண்டிய வேலை முடியவில்லை. 5, 7, 9, 11, 13, 15 என்று பிள்ளைகள் வளர வளர அவர்களைத் திரும்பத் திரும்ப அழைத்துப் பல், இதயம், மூச்சு, படிப்பு, மனநலம் என்று ஒன்றுவிடாமல் அளந்தார்கள். வெளிநாட்டில் குடியேறியவர்களுக்கு விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்து வரவழைத்தார்கள். 38 வயதுச் சந்திப்புக்கு, உயிரோடிருந்தவர்களில் 96 விழுக்காட்டினர் வந்தார்கள். இந்த எண்ணின் அருமை ஆய்வுத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். நீண்டகால ஆய்வுகளில் ஆட்கள் நழுவிப் போவது வழக்கம். அதிலும் வாழ்க்கை சிக்கலாகிப் போனவர்கள்தாம் முதலில் காணாமல் போவார்கள். அவர்களை இழந்த ஆய்வு, எதைத் தேடுகிறதோ அதையே இழந்துவிடும்.

2012இல் மெடலின் மியர், டெர்ரி மோஃபிட், அவ்ஷலோம் காஸ்பி உள்ளிட்டோர் டனீடன் தரவுகளிலிருந்து எழுதிய கட்டுரை உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது. அவர்கள் கையில் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று இருந்தது. இந்தப் பிள்ளைகள் கஞ்சாவைத் தொடுவதற்கு முன்னால், 7 முதல் 13 வயதுக்குள், எடுத்த ஐ.க்யூ. மதிப்பெண் இருந்தது. 38 வயதில் எடுத்த மதிப்பெண்ணும் இருந்தது. இடையில் 18, 21, 26, 32, 38 வயதுகளில் அவர்களின் கஞ்சாப் பழக்கம் பற்றிய விவரமும் இருந்தது. கஞ்சாவைத் தொடாதவர்களின் மதிப்பெண் சற்றே ஏறியிருந்தது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சந்திப்புகளில் கஞ்சாவுக்கு அடிமையானவராகக் கண்டறியப்பட்ட 38 பேரின் மதிப்பெண் சராசரியாக 6 புள்ளி சரிந்திருந்தது. அவர்களிலும் 18 வயதுக்குள் அடிமையானவர்கள் ஏறத்தாழ 8 புள்ளி இழந்திருந்தார்கள். 8 புள்ளி என்றால் என்ன? நூறு பேரை அறிவுத்திறன்படி வரிசையாக நிறுத்தினால், சரியாக நடுவில் நின்ற ஒருவர் கீழேயிருந்து இருபத்தொன்பதாவது இடத்துக்குப் போய்விடுகிறார். வளர்ந்தபின் புகைக்கத் தொடங்கியவர்களிடம் இந்தச் சரிவு தெரியவில்லை. ஆய்வில் இருந்தவர்களை நன்கறிந்த உறவினர், நண்பர்களையும் கேட்டார்கள். நீண்டகாலம் புகைத்தவர்களைப் பற்றி, 'கவனம் சிதறுகிறது, சொன்னது மறந்துபோகிறது' என்ற வகைப் புகார்கள் அவர்களிடமிருந்து கூடுதலாக வந்தன.

செய்தித்தாள்கள் 'கஞ்சா அறிவைத் தின்கிறது' என்ற போக்கில் எழுதின. ஆனால் அடுத்த சில மாதங்களிலேயே நார்வே பொருளியலாளர் ஒலே ரோகெபெர்க் அந்தக் கட்டுரை வந்த ஆய்விதழிலேயே ஒரு மறுப்பை வெளியிட்டார். அவருடைய வாதம் கவனமாகக் கேட்கத் தக்கது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளின் ஐ.க்யூ. பள்ளியில் இருக்கும்வரை பள்ளியின் உதவியால் உயர்ந்திருக்கும். பள்ளியை விட்டு, மூளைக்கு அவ்வளவாக வேலை வைக்காத தொழிலுக்குப் போனபின் அது இறங்கும். அதே பிள்ளைகள்தாம் சிறு வயதில் கஞ்சாவுக்குப் பழகும் வாய்ப்பும் அதிகம். அப்படியானால் இறங்கிய புள்ளிகள் கஞ்சாவின் கணக்கா, வறுமையின் கணக்கா? டனீடன் குழு நடுத்தர வர்க்கத்தினரை மட்டும் தனியே பிரித்துக் கணக்கிட்டு, அங்கேயும் சரிவு இருக்கிறது என்று பதில் சொன்னது. இருந்தாலும் கேள்வி அத்தோடு அடங்கவில்லை.

அடங்கவும் கூடாது. கஞ்சா ஆராய்ச்சியின் வரலாறு முழுக்க ஓடுவது இந்த ஒரே கேள்விதான்: கூடவே இருப்பது காரணமா, வெறும் துணையா?

இதைத் தீர்க்க இரட்டையரைவிடச் சிறந்த சாட்சி இல்லை. ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே தெரு, ஒரே வறுமை அல்லது வசதி. ஒருவர் புகைக்கிறார், மற்றவர் புகைக்கவில்லை. கஞ்சாதான் குற்றவாளி என்றால் புகைத்தவரின் மதிப்பெண் உடன்பிறந்தவரைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். 2016இல் கலிஃபோர்னியா, மினசோட்டா இரட்டையர் ஆய்வுகள் இரண்டைச் சேர்த்து வெளியான கட்டுரையில் அப்படித் தாழ்ந்திருக்கவில்லை. கஞ்சா புகைத்த பிள்ளைகளின் சொல்வளம் குறைந்திருந்தது உண்மை. புகைக்காத உடன்பிறப்பின் சொல்வளமும் அதே அளவுக்குக் குறைந்திருந்தது. 2018இல் இன்னும் சுவையான ஒன்று நடந்தது. டனீடன் கட்டுரையை எழுதிய அதே மெடலின் மியரும் கூட்டாளிகளும் 1994-95இல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் பிறந்த இரட்டையரை ஆராய்ந்து, 18 வயதுக்குள் கஞ்சா ஐ.க்யூ.வைக் குறைத்ததற்குச் சான்றில்லை என்று எழுதினார்கள். புகைத்த பிள்ளைகளின் மதிப்பெண் புகைக்கத் தொடங்குமுன்பே குறைவாகத்தான் இருந்தது. தன் புகழ்பெற்ற முடிவுக்கு எதிர்த்திசையில் போகும் முடிவைத் தானே வெளியிட்ட ஆய்வாளரை மதிக்கத் தோன்றுகிறது. டென்மார்க்கிலோ 5,162 ஆண்களின் இருபது வயதுத் தேர்வையும் அறுபதுகளில் எடுத்த தேர்வையும் ஒப்பிட்ட 2024ஆம் ஆண்டுக் கட்டுரை, கஞ்சா பயன்படுத்திய அனுபவம் உள்ளவர்களின் சரிவு மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவு என்றே சொன்னது.

அப்படியானால் டனீடன் பொய்யா? இல்லை. எண்களுக்குப் பின்னாலிருக்கும் மனிதர்களைப் பார்த்தால் முரண்பாடு பெருமளவு கரைகிறது. இரட்டையர் ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் எப்போதாவது புகைத்த பதின்ம வயதினர்; அளந்ததும் சில ஆண்டுகள் கழித்துத்தான். டென்மார்க் ஆண்களில் பலர் வாலிபத்தில் சில காலம் புகைத்துவிட்டு விட்டவர்கள். டனீடனில் சரிந்த 38 பேரோ ஆண்டுக்கணக்கில், விட முடியாமல், கிட்டத்தட்ட நாள்தோறும் புகைத்தவர்கள். வார இறுதியில் ஒருமுறை இழுத்த கல்லூரி மாணவரும் 16 வயதில் தொடங்கி 38 வரை தினமும் இழுத்தவரும் ஒரே சொல்லால் 'கஞ்சா பயன்படுத்துவோர்' ஆகிவிடுகிறார்கள். வாதங்களில் பாதி இந்தக் கலப்படத்தால் வருகிறது.

2022இல் டனீடன் குழு 45 வயதுக் கணக்கை வெளியிட்டது. நீண்டகாலம் புகைத்தவர்கள் சிறு வயது மதிப்பெண்ணிலிருந்து சராசரியாக 5.5 புள்ளி இறங்கியிருந்தார்கள். கற்கும் திறனிலும், மூளை ஒன்றை வாங்கிப் பதில் தரும் வேகத்திலும் அடி தெரிந்தது. நீண்டகாலம் புகையிலை பிடித்தவர்களிடமும் மது அருந்தியவர்களிடமும் இந்த அளவுச் சரிவு இல்லை. நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியும் இவர்களுக்குச் சிறுத்திருந்தது. ஆனால் ஹிப்போகாம்பஸ் சிறுத்ததுதான் அறிவுத்திறன் சரிவுக்கு வழி என்று புள்ளியியல் காட்டவில்லை. இந்தக் கடைசி வரி பெரும்பாலான செய்திகளில் இடம்பெறவில்லை. மூளைப் படத்தில் ஒன்று சிறுத்திருப்பதும் வாழ்க்கையில் ஒன்று குறைந்திருப்பதும் ஒரே கதையின் இரு முனைகள் என்று நினைப்பது எளிது; அதை நிறுவுவது எளிதல்ல.

இனி, கஞ்சா மூளைக்குள் எந்தக் கதவைத் தட்டுகிறது என்று பார்க்கலாம். ஓப்பியத்திலிருந்து மார்ஃபினைப் பிரித்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். கோகோ இலையிலிருந்து கோகெய்னைப் பிரித்தது அதே நூற்றாண்டின் நடுவில். கஞ்சாவின் போதைப்பொருள் மட்டும் பிசினில் ஒட்டிக்கொண்டு வேதியியலாளர்களுக்குப் போக்குக் காட்டியது. 1964இல்தான் இஸ்ரேலின் ரெஹோவோத் நகரில், வைஸ்மன் ஆய்வு நிலையத்தில், ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் காவோனியும் அந்தப் போதைப்பொருளான டி.எச்.சி.யைத் தூய்மையாகப் பிரித்து அதன் அமைப்பைத் தெளிவாகச் சொன்னார்கள். காவல்துறை பிடித்து வைத்திருந்த லெபனான் ஹஷீஷ் 5 கிலோவை வாங்கிப் பையில் போட்டுப் பேருந்தில் கொண்டுவந்ததாக மெக்கூலம் பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தச் சரக்கில் தொடங்கியது ஒரு துறை.

டி.எச்.சி. போய் உட்காரும் இடம் தெரிய இன்னும் இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. 1988இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஆலின் ஹௌலெட்டும் அவருடைய மாணவர் வில்லியம் டிவேனும் எலி மூளையில் அதற்கென ஓர் ஏற்பி இருப்பதைக் காட்டினார்கள். பிற்பாடு சி.பி.1 என்று அதற்குப் பெயராயிற்று. எங்கோ மலையில் வளரும் செடிக்காக மூளை ஏற்பி வைத்துக்கொண்டிருக்காது. உடலே செய்யும் ஏதோ ஒரு பொருளுக்காகத்தான் அது இருக்க வேண்டும். 1992இல் டிவேனும் மெக்கூலத்தின் குழுவும் பன்றி மூளையிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து, ஆனந்தம் என்ற சொல்லை வைத்து அனந்தமைடு என்று பெயரிட்டார்கள்.

இந்த உள்ளூர்ச் சரக்கு வேலை செய்யும் விதம் விந்தையானது. நரம்புச் செல்களுக்கிடையே செய்தி ஒரு திசையில்தான் போகும்: அனுப்பும் செல் வேதிப்பொருளை வெளியிடும், வாங்கும் செல் வாங்கிக்கொள்ளும். வாங்கும் செல்லுக்குப் போதும் என்றாகும்போது அது அனந்தமைடு போன்ற பொருளை அந்த நொடியில் செய்து பின்னோக்கி அனுப்புகிறது. அது அனுப்பும் செல்லின் சி.பி.1 ஏற்பியில் அமர்ந்து வரத்தைக் குறைக்கிறது. வேலை முடிந்ததும் நொதிகள் அதைச் சிதைத்துவிடுகின்றன. தண்ணீர் நிறைந்த பாத்தியின் மடையை மட்டும் அடைத்துவிட்டு அடுத்த பாத்திக்குத் திருப்பும் விவசாயியின் வேலை இது. டி.எச்.சி. உள்ளே வந்தால் எந்தப் பாத்தி நிறைந்தது, எது காய்கிறது என்று பார்க்காமல் எல்லா மடைகளிலும் கைவைக்கிறது. அதுவும் நொடிகளுக்கல்ல, மணிக்கணக்கில்.

சி.பி.1 ஏற்பிகள் எங்கே செறிந்திருக்கின்றன என்று பார்த்தாலே கஞ்சா போதையின் முகம் புரிந்துவிடும். ஹிப்போகாம்பஸில் நிறைய: சற்றுமுன் சொன்னது மறந்துபோகிறது. சிறுமூளையிலும் அசைவை ஆளும் பகுதிகளிலும் நிறைய: கைகால் ஒத்துழைக்க மறுக்கின்றன, காலம் நீண்டுவிட்டதுபோல் தோன்றுகிறது. நெற்றிக்குப் பின்னிருக்கும் மூளையின் மேலடுக்கான நெற்றிப் புறணியில் நிறைய: திட்டமிடலும் நிதானமும் தளர்கின்றன. மூச்சை இயக்கும் மூளைத்தண்டில் மிகக் குறைவு. ஹெராயின் அளவு மீறினால் மூச்சடைத்துக் கொல்வதுபோல் கஞ்சா கொல்வதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

தினமும் புகைத்தால் மூளை எதிர்வினை ஆற்றாமல் இருக்காது. ஓயாமல் அமுக்கப்படும் ஏற்பிகளை அது உள்ளே இழுத்துக்கொள்கிறது. 2012இல் யூஸி ஹிர்வோனென் குழுவினர், நாள்தோறும் புகைக்கும் 30 ஆண்களின் மூளையைப் பெட் ஸ்கேனில் பார்த்தபோது, புறணியில் சி.பி.1 ஏற்பிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. எத்தனை ஆண்டு புகைத்தார்களோ அதற்கேற்பக் குறைவும் கூடியிருந்தது. அவர்களில் சிலரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து ஏறத்தாழ நான்கு வாரம் கஞ்சா இல்லாமல் பார்த்தார்கள். ஏற்பிகள் பெரும்பாலான இடங்களில் திரும்பி வந்திருந்தன. ஹிப்போகாம்பஸில் மட்டும் மீட்சி உறுதியாகத் தெரியவில்லை. பின்னர் யேல் பல்கலைக்கழகத்தின் தீபக் சிரில் டிசோசா குழு, விட்ட இரண்டே நாளில் மீட்சி தொடங்கிவிடுவதைக் காட்டியது.

கஞ்சாவைக் கண்டு அஞ்சும் பெற்றோரும், அதில் ஒன்றுமில்லை என்று சொல்லும் இளைஞர்களும் ஒருசேர அறிய வேண்டிய செய்தி இந்த மீட்சி. ஹாரிசன் போப் என்ற ஹார்வர்டு மனநல மருத்துவர் 2001இல், வாழ்நாளில் குறைந்தது 5,000 முறை புகைத்தவர்களை 28 நாள் நிறுத்தச் செய்து சோதித்தார். முதல் வாரம்வரை சொற்களை நினைவில் வைப்பதில் அவர்கள் பின்தங்கினார்கள். 28ஆம் நாள் மற்றவர்களோடு வேறுபாடு தெரியவில்லை. 2018இல் கோப் ஸ்காட்டும் கூட்டாளிகளும், பதின்ம வயதினரையும் இளைஞர்களையும் பற்றிய 69 ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்டார்கள். அடிக்கடி புகைப்பவர்களின் அறிவாற்றல் குறைவு சிறிய அளவுதான். மூன்று நாளுக்கு மேல் விட்டிருந்தவர்களிடம் அது இன்னும் சுருங்கிப்போயிற்று. அதே ஆண்டு பாஸ்டனில் ராண்டி ஷூஸ்டர் ஒரு நல்ல யோசனையைச் செயல்படுத்தினார். பிள்ளைகளுக்குக் கஞ்சா கொடுத்துச் சோதிக்க முடியாது. புகைக்கும் பிள்ளைகளுக்குப் பணம் கொடுத்து நிறுத்தச் சொல்லலாமே! 16 முதல் 25 வயதுள்ள 88 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவை ஒரு மாதம் நிறுத்தவைத்தார். சிறுநீர்ச் சோதனை மூலம் சரிபார்த்துக்கொண்டார். நிறுத்தியவர்கள் புதிய சொற்களைக் கற்பதில் முன்னேறினார்கள், அதுவும் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே. காரணத்தையும் துணையையும் பிரித்துக்காட்டும் சோதனை இதுதான். புகைத்துக்கொண்டிருக்கும்வரை கற்கும் திறன் மங்கியிருக்கிறது, மங்கவைப்பது கஞ்சாதான். வகுப்பறையில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவருக்கு 'விட்டால் சரியாகிவிடும்' என்பது பாதி ஆறுதல்தான். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் மறுபடி வருவதில்லை.

2025 ஜனவரியில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா கோவின் குழு 22 முதல் 36 வயதுவரையுள்ள 1,003 பேரின் மூளைப் படங்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையும் இதே இடத்தைத்தான் தொடுகிறது. ஏழு விதமான பணிகள் கொடுத்துப் பார்த்தார்கள். ஆயிரம் முறைக்கு மேல் புகைத்தவர்களிடம் தெளிவான வேறுபாடு தெரிந்தது ஒன்றில் மட்டும்: செயல்பாட்டு நினைவு. மனக்கணக்குப் போடும்போது இடைத்தொகையைப் பிடித்து வைத்துக்கொள்வதும், ஒருவர் சொன்ன வழியை மனத்தில் வைத்துக்கொண்டே நடப்பதும் அந்த நினைவால்தான். அதிகம் புகைத்தவர்களில் 63 விழுக்காட்டினருக்கு அந்த வேளையில் மூளைச் செயல்பாடு தணிந்திருந்தது. உணர்ச்சி, மொழி, பரிசு, அசைவு முதலிய மற்றப் பணிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு நிலைக்கவில்லை.

மூளைப் படங்களை எப்போதும் அப்படியே நம்பிவிட முடியாது. 2014இல் பாஸ்டனில் 20 பேர் புகைப்பவர், 20 பேர் புகைக்காதவர் என்று ஒப்பிட்ட ஆய்வொன்று, எப்போதாவது புகைப்பவர்களுக்குக்கூட மூளையின் சில உறுப்புகள் வடிவம் மாறியிருப்பதாகச் சொல்லிப் பரபரப்பை உண்டாக்கியது. அடுத்த ஆண்டே பார்பரா வெய்லண்ட் குழு, இரு தரப்பின் மதுப் பழக்கத்தையும் சமமாக்கிவிட்டு, தினமும் புகைப்பவர்களை ஆராய்ந்தது. வடிவ வேறுபாடு எதுவும் தெரியவில்லை. கஞ்சாவின் பேரில் எழுதப்பட்ட கணக்கில் கொஞ்சம் மதுவினுடையதாக இருந்திருக்கலாம்.

வயதின் கணக்கு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. மூளையின் நெற்றிப் புறணி முதிர்வது இருபதுகளின் நடுவரை நீள்கிறது. பதின்ம வயதில் அங்கே தேவையற்ற நரம்பிணைப்புகள் களையப்படுகின்றன, எஞ்சியவை வலுப்பெறுகின்றன. உடலின் சொந்த அனந்தமைடும் அதன் கூட்டாளிகளும் இந்தப் பணியில் பங்கெடுக்கின்றன. அந்த நேரத்தில் வெளியிலிருந்து டி.எச்.சி. வந்து இறங்கினால் என்னவாகும்? எலிகளில் இதைச் சோதிக்க முடியும். எலிகளுக்கு வறுமையும் இல்லை, மோசமான பள்ளிக்கூடமும் இல்லை. இளம் எலிகளுக்கு டி.எச்.சி. கொடுத்து நிறுத்திய பிறகும் அவை வளர்ந்தபின் நினைவுச் சோதனைகளில் தடுமாறின. வளர்ந்த எலிகளுக்குக் கொடுத்தால் அந்தத் தடுமாற்றம் நிலைப்பதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மனிதரில் 2021இல் மேத்யூ ஆல்பா குழு ஐரோப்பியப் பிள்ளைகள் 799 பேரை 14 வயதிலும் ஐந்தாண்டு கழித்தும் படமெடுத்து ஒப்பிட்டது. 14 வயதில் எவரும் கஞ்சாவைத் தொட்டிருக்கவில்லை. பின்னால் தொட்டவர்களுக்கும் தொடாதவர்களுக்கும் அப்போது புறணித் தடிப்பில் வேறுபாடு இல்லை. 19 வயதில் இருந்தது. எவ்வளவு புகைத்தார்களோ அவ்வளவுக்கு நெற்றிப் புறணி மெலிந்திருந்தது. மெலிந்த இடங்களின் வரைபடம் சி.பி.1 ஏற்பிகள் செறிந்த இடங்களின் வரைபடத்தோடு ஒத்துப்போனது. வறுமையோ குடும்பச் சூழலோ சி.பி.1 ஏற்பிகள் இருக்கும் இடமாகப் பார்த்துத் தாக்கும் என்று நம்புவது கடினம்.

நினைவுக்கும் அறிவுத்திறனுக்கும் அப்பால் இருப்பது மனப்பிறழ்வு. காதில் குரல் கேட்பது, எல்லோரும் தனக்கெதிராகச் சதி செய்வதாக நம்புவது போன்ற நிலைகள் அவை. கஞ்சாவுக்கும் பைத்தியத்துக்கும் முடிச்சுப் போட்ட முதல் பெரிய விசாரணை நடந்தது இந்தியாவில்தான். 1893இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்வியை அடுத்து அமைக்கப்பட்ட இந்திய கஞ்சா விசாரணைக் குழு 1,193 பேரிடம் சாட்சியம் கேட்டது. அன்றைய மனநலக் காப்பகப் பதிவேடுகளில் 'நோயின் காரணம்' என்ற பத்தியில் கஞ்சா, கஞ்சா என்று நிறைந்திருந்தது. குழு அந்தப் பதிவுகளைத் தோண்டிப் பார்த்தது. நோயாளியைக் கொண்டுவந்து விட்ட காவலர்கள் பத்தியை நிரப்பியாக வேண்டும் என்பதற்காக, அந்த ஆள் கஞ்சா குடிப்பவர் என்று கேள்விப்பட்டாலே காரணமாக எழுதியிருந்தார்கள். ஊருக்குப் போய் விசாரித்தபோது பல பதிவுகள் நிற்கவில்லை. மிதமான பழக்கம் மனத்தைக் கெடுப்பதில்லை, மிதமிஞ்சியது கெடுக்கக்கூடும் என்று 1894இல் குழு அறிக்கை கொடுத்தது. துணையைக் காரணமாக எழுதும் பிழையை டனீடன் விவாதத்துக்கு நூற்றிருபது ஆண்டு முன்பே கண்டுபிடித்து எழுதிவைத்த ஆவணம் அது. இந்திய மருத்துவ மாணவர்களுக்கு அதைப் பாடமாக வைக்கலாம்.

அந்தக் குழுவின் இரண்டாவது பாதி முடிவையும் பிற்கால ஆய்வுகள் உறுதிப்படுத்தின. 1969-70இல் சுவீடனில் கட்டாய ராணுவப் பணிக்கு வந்த இளைஞர்களில் 45,000க்கும் மேற்பட்டவர்களைப் பதினைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்து 1987இல் வெளியிட்ட கட்டுரை, 50 முறைக்கு மேல் கஞ்சா புகைத்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்கு என்றது. குடும்பச் சூழல், ஏற்கெனவே இருந்த மனநலச் சிக்கல் முதலியவற்றைக் கழித்துப் பின்னால் கணக்கிட்டபோது அது மூன்று மடங்கு அளவுக்குக் குறைந்தது, மறையவில்லை. 2019இல் மார்த்தா டி ஃபோர்ட்டி தலைமையில் ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடந்த ஆய்வில், தினமும் புகைப்பவர்களுக்கு மனப்பிறழ்வு வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்குச் சற்று மேல், டி.எச்.சி. 10 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள வீரியச் சரக்கைத் தினமும் புகைப்பவர்களுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு. மரபணு ஆய்வுகளோ, மனச்சிதைவுக்கான மரபுச் சாய்வு உள்ளவர்கள் கஞ்சாவை நாடுவதும் அதிகம் என்கின்றன. அதாவது அம்பு இரு திசையிலும் பாய்கிறது. கஞ்சா புகைப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் குடும்பத்தில் மனச்சிதைவு இருக்கும் ஒரு பதினாறு வயதுப் பையனுக்குச் சராசரிக் கணக்கு எதையும் சொல்வதில்லை. அவனுக்கு இது நெருப்போடு விளையாட்டு.

வீரியம் என்ற சொல்லைக் கடந்துபோக முடியாது. அமெரிக்காவில் பறிமுதல் செய்யப்பட்ட சரக்கை ஆண்டுதோறும் சோதிக்கும் மிசிசிப்பி பல்கலைக்கழக ஆய்வகம், 1995இல் சராசரியாக 4 விழுக்காடாக இருந்த டி.எச்.சி. 2014இல் 12 விழுக்காடாகிவிட்டதென்று காட்டியது. டி.எச்.சி.யின் வேகத்தை ஓரளவு தணிப்பதாகக் கருதப்படும் சி.பி.டி. என்ற பொருளோ அதே காலத்தில் குறைந்துபோயிற்று. 45 வயதில் அளக்கப்பட்ட டனீடன்காரர்கள் வாலிபத்தில் புகைத்தது பழைய சரக்கை. இன்றைய பிள்ளைகளுக்குக் கிடைப்பது வேறு. அவர்களின் 45ஆம் வயதுக் கணக்கு நம் கைக்கு வர இன்னும் காலம் இருக்கிறது. அதற்காகவே அமெரிக்காவில் 9, 10 வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழ 12,000 பேரைக் கஞ்சா பழகுமுன்பே மூளைப் படமெடுத்து, 21 மையங்களில் பின்தொடர்ந்து வருகிறார்கள்.

இந்தியாவில் 2019இல் வெளியான தேசியப் போதைப் பயன்பாட்டு ஆய்வின்படி 10 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களில் 2.8 விழுக்காட்டினர், அதாவது சுமார் 3.1 கோடிப் பேர், ஓராண்டுக்குள் ஏதோ ஒரு வடிவில் கஞ்சாச் செடியைப் பயன்படுத்தியிருந்தார்கள். இலையிலிருந்து வரும் பாங்கும், பூவிலிருந்து வரும் கஞ்சாவும், பிசினான சரசும் வீரியத்தில் ஒன்றல்ல. 1985ஆம் ஆண்டுச் சட்டமும் கஞ்சா என்பதைப் பூத்த, காய்த்த நுனிகளுக்கு மட்டுமே வரையறுத்து, இலையைத் தனியே விட்டிருக்கிறது. கைமாறும் பொட்டலத்தில் டி.எச்.சி. எத்தனை விழுக்காடு என்பது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஆகவே இங்கே ஒரு மருத்துவர் கேட்கக்கூடியது மூன்று கேள்விகள்தாம்: எந்த வயதில் தொடங்கினாய், வாரத்தில் எத்தனை நாள், வீட்டில் யாருக்காவது மனநோய் உண்டா? மூன்றுக்கும் நேர்மையான பதில் வர வேண்டுமானால், கேட்பவர் திட்டமாட்டார், காவல்துறைக்குச் சொல்லமாட்டார் என்ற நம்பிக்கை பையனுக்கு இருக்க வேண்டும். பயமுறுத்தல் அந்தப் பதில்களைத்தான் முதலில் வாயடைக்கிறது.

விட முயல்பவர்களுக்கு ஒன்று முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. கஞ்சாவை விட்டால் உடல் ஒன்றும் செய்யாது என்பது பழைய நம்பிக்கை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூல் 2013இல் கஞ்சா விலகல் நோயைத் தனியே பட்டியலிட்டது. எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, அச்சமூட்டும் கனவுகள் எல்லாம் விட்ட ஓரிரு நாளில் தொடங்கி முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணியும், தூக்கக் குறைவு மட்டும் இன்னும் நீளலாம். பலரும் மீண்டும் புகைக்கத் தொடங்குவது அந்த வாரத்தில்தான். சி.பி.1 ஏற்பிகள் திரும்பிக்கொண்டிருப்பதும் கற்கும் திறன் மீளத் தொடங்குவதும் அதே வாரத்தில்தான். அந்த நாட்களில் வீட்டில் ஒருவர் கூட இருப்பதும், தூக்கத்துக்கு மருத்துவ உதவி பெறுவதும் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416. அதில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.